மகாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கம்: யாராவது உள்ளே போயிருக்கிறீர்களா?

கூடல்நகர் | ஜனவரி 6, காலை 11.20

பெங்களூரிலிருந்து ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் பொங்கலுக்கு மதுரை வருகிறார்கள். திருமலை நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது, கைடு வைத்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள் என்று அதில் ஒருத்தர் எங்கோ படித்தாராம். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். சுரங்கம் உண்டு என்று கேட்டிருக்கிறேன், உள்ளே போனவர் யாரையும் பார்த்ததில்லை. டிக்கெட் எங்கே வாங்க வேண்டும்?

பழைய விளக்குத்தூண் | ஜனவரி 6, இரவு 9.45

டிக்கெட் இல்லை. கைடு இல்லை. சுரங்கமும் இல்லை. மகாலுக்கு டிக்கெட் உண்டு, அதை வாங்கிக் கொடுத்துத் தூண்களைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 7, காலை 6.10

காலையில் எழுந்து பார்த்தால் பதினோரு பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். சரி, கணக்கெடுப்போம். எழுபது வயதுக்குள் என் காதால் கேட்ட வகையில் மகாலிலிருந்து கோயிலுக்கு ஒன்று, திருப்பரங்குன்றத்துக்கு ஒன்று, அழகர்கோயிலுக்கு ஒன்று, வைகைக் கரைக்கு ஒன்று. தஞ்சாவூர் வரைக்கும் போகிறது என்று சத்தியம் செய்த ஒருவரோடு ரயிலில் திண்டுக்கல் வரைக்கும் உட்கார்ந்து போயிருக்கிறேன். சொல்பவர் எந்த ஊருக்குப் போகிறாரோ சுரங்கமும் அந்த ஊர் வரைக்கும் போகும்.

எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரத் துரை வருவார். ஒரு நாயை உள்ளே விடுவார். நாய் திரும்பாது. அப்புறம் விஷவாயு, அப்புறம் சர்க்கார் சுவர் வைத்து அடைத்துவிட்டது. ஹைதராபாத்தில் கோல்கொண்டாவிலிருந்து சார்மினாருக்கு இதே கதை. நாய்தான் வேறாக இருக்கும்.

ஜனவரி 7, இரவு 11.30

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். சுரங்கம் இருந்தது என்கிறவர்கள் கான்சாகிபுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கான்சாகிபு, அதாவது மருதநாயகம் என்கிற யூசுப்கான், 1763லும் 1764லும் இதே மதுரைக் கோட்டைக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்டு கிடந்தார். வெளியே கும்பினிப் படை, நவாப் படை. உள்ளே சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15இல் சம்மட்டிபுரம் பக்கம் தூக்கில் போட்டார்கள், சமாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஊரையே ஆண்ட மனிதருக்கு, அரண்மனையும் கோட்டையும் கையில் இருந்தவருக்கு, வெளியேற ஒரு பொந்து தெரியாமலா போயிருக்கும்?

ஜனவரி 8, பிற்பகல் 2.00

"நாயக்கர் காலத்து ரகசியம் கான்சாகிபுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு தம்பி கேட்கிறார். அவருக்குத் தெரியாத ரகசியம் இன்றைக்கு டவுன்ஹால் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறதே, அது எப்படி?

விளையாட்டு போகட்டும். அகழி ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கோட்டைச் சுவரைச் சுற்றி அகழி. 1840கள் வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து, அந்த இடிபாட்டாலேயே அகழியைத் தூர்த்தார். அப்படிக் கிடைத்த இடத்தில்தான் வெளி வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் வந்தன. அந்த வேலையை நடத்தியவர்களின் பெயர்தான் தெருவுக்கு. என் பெயரில் இருக்கிற விளக்குத்தூண்கூட பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான். சுரங்கம் என்று ஒன்று கோட்டையைத் தாண்டிப் போயிருந்தால் அகழிக்கும் அடியில் போயிருக்க வேண்டும். தலைக்கு மேலே தண்ணீர். அதோடு சுவரின் அடித்தளம் வரைக்கும் ஒரு ஊரே சேர்ந்து இடித்த வேலை அது. ஒருவர் கண்ணிலும் படவில்லையாமா?

ஜனவரி 8, மாலை 5.25

திருத்தம். அகழி வாதம் திருப்பரங்குன்றம், அழகர்கோயில் சுரங்கங்களுக்குத்தான் செல்லும். மகாலும் கோயிலும் கோட்டைக்கு உள்ளேயே இருந்தவை, நடுவில் அகழி கிடையாது. எடுத்துச் சொன்னவருக்கு நன்றி. ஆனால் அங்கிருந்து இங்கே நடந்தால் கால் மணி நேரம். ராஜா, பல்லக்கு, தீவட்டி, எல்லாம் அவருடையது. அந்த ஆள் எதற்கு எலி மாதிரி பூமிக்கடியில் போகிறார்?

ஜனவரி 8, மாலை 5.40

"ராணிகள் மறைவாகக் கோயிலுக்குப் போக." சரி, இதை எதிர்பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கிணற்றில் நாலு முழக் கயிறு போதும், அதுவும் அறுபதுகளில். வைகை மணல் முழுக்கத் தண்ணீர் நின்ற நாயக்கர் காலத்தில் என்ன நிலைமை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ராணி நீந்தித்தான் போயிருக்க வேண்டும்.

ஜனவரி 11, இரவு 10.15

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இல்லை, இல்லை என்று இவ்வளவு அடித்துப் பேசுகிற நான் அந்தச் சுரங்க வாசலைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா வக்கீல் குமாஸ்தா. 1970 வாக்கு வரைக்கும் ஜில்லா கோர்ட் மகாலில்தான் நடந்தது, இப்போது வருகிறவர்களுக்கு இது தெரியாது. அந்தத் தூண்களுக்கு நடுவே பெஞ்சு, மேஜை, கறுப்பு கோட்டு, வெற்றிலை எச்சில், வாய்தா கேட்டு நிற்கிற கிராமத்துச் சனம். நான் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது லீவு நாளில் அப்பா கூட்டிப்போனார். ஒரு மூலையில் திரும்பினால் இடுப்பளவு வாசல், கம்பிக் கதவு, உள்ளே கீழே இறங்குகிற படி. ஆறோ ஏழோ படி தெரிந்தது, அதற்கப்புறம் இருட்டு. வௌவால் நாற்றம். "இதுதாண்டா சுரங்கம், உள்ளே போனவன் திரும்ப மாட்டான்" என்று அப்பா சொன்னார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வேட்டியின் கஞ்சி மொடமொடப்புகூட இன்னும் விரலில் இருக்கிறது.

இத்தனை வருடமாக அதை ஏதோ தட்டுமுட்டு அறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது என்ன அறை என்று ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

ஜனவரி 12, இரவு 9.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு வெற்றி ஊர்வலம் நடத்துகிறார்கள். பொறுங்கள். நான் இன்னும் கட்சி மாறவில்லை. ஆனால் என் நம்பிக்கைக்கு ஆப்பு வைத்த வேறொரு இடத்தைச் சொல்கிறேன்.

2009இல் மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தேன். மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, ஒரு சுரங்கம் பார்க்கப் போலாமா?" என்றார். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் அட்லாண்டிக் அவென்யூ. நாற்சந்தியின் நட்டநடுவில் ஒரு மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்து, சுற்றித் தடுப்பு போட்டு, நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊரில் அப்படி மூடி திறந்திருந்தால் அதைச் சுற்றி வேப்பங்கொப்பு நட்டிருப்பார்கள். ஏணியில் இறங்க வேண்டும். எனக்குத் தலையில் குரங்குக் குல்லா, காலில் மூட்டுவலி. பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி என் கைப்பையை வாங்கிக்கொண்டு என்னை இறக்கிவிட்டார். குனிந்து ஒரு மண்மேட்டைக் கடந்தால் ஒரு சுவரில் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் மரப்படி. படியில் நின்று டார்ச்சை அடித்தால்...

அவ்வளவு பெரிய இடம். செங்கல் வளைவு, 17 அடி உயரம், 21 அடி அகலம். நீளம் 1,600 அடியாம், அதாவது நம் தெப்பக்குளத்தின் ஒரு கரையைப் போல ஒன்றரை மடங்கு. 1844இல் ரயிலுக்காகத் தெருவைத் தோண்டி, வளைவு கட்டி, மேலே மூடியது. 1861இல் ரயிலை நிறுத்தி வாசல்களை அடைத்துவிட்டார்கள். பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் முழுசாகத் தூர்க்க வேண்டியவர், இரண்டு முனையை மட்டும் அடைத்துவிட்டுப் போய்விட்டார். ஒப்பந்த வேலை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

ஜனவரி 12, இரவு 9.50

விட்ட இடத்திலிருந்து. அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேலே வெறும் கதை. கடற்கொள்ளைக்காரர்கள் பதுங்கினார்கள், சாராயம் காய்ச்சினார்கள், ஜெர்மன் உளவாளிகள் குண்டு வைத்திருந்தார்கள். நாய் மட்டும்தான் இல்லை. விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால், அதெல்லாம் எப்போதோ தூர்த்தாச்சு என்பார்கள்.

1980இல் பாப் டயமண்ட் என்று இருபது வயதுவாக்கில் ஒரு பையன். ரேடியோவில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கிளம்பினான். பழைய செய்தித்தாள், பழைய வரைபடம் என்று அலைந்து, அந்த மேன்ஹோல் வழியாக இறங்கி, மண்ணுக்கும் கூரைக்கும் நடுவே தவழ்ந்து போய்ச் சுவரை உடைத்தான். உள்ளே சுரங்கம் அப்படியே இருந்தது. 1982 முதல் அவரே ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். நான் போன அன்றைக்கும் அவர்தான் பேசினார், தடித்த ஆள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு கதையும் முடியவில்லை. கடைசிச் சுவரைக் காட்டி, இதற்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ரயில் எஞ்சின் புதைந்து கிடக்கிறது என்றார். நூறு டார்ச்சும் அந்தச் சுவர் மேலே போயின.

2010 டிசம்பரில் நகர நிர்வாகம் அனுமதியை ரத்து செய்தது. உள்ளே போக ஒரே மேன்ஹோல், வெளியே வரவும் அதே மேன்ஹோல், நெருப்போ புகையோ வந்தால் என்ன செய்வது என்று தீயணைப்புத் துறையின் கவலை. அதோடு சுற்றுலா நின்றது. 2021இல் அவரும் போய்விட்டார். எஞ்சின் இருக்கிறதா என்று இன்றுவரை யாரும் அந்தச் சுவரை உடைத்துப் பார்க்கவில்லை.

ஜனவரி 13, காலை 7.30

ராத்திரி முழுக்க யோசித்தேன். அந்த ஊரில் "தூர்த்தாச்சு" என்று அடித்துச் சொன்ன பெரிய மனிதர்களின் வரிசையில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேனோ?

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாப் டயமண்ட் கதையை மட்டும் நம்பி இறங்கவில்லை. கட்டினது, மூடினது, செலவு, சண்டை எல்லாம் அச்சில் இருந்தன. நம் மகால் 1636இல் கட்டியது. பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது தெரிகிறது. நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை பழுதுபார்த்தது தெரிகிறது. அத்தனை வேலையில் கல் பெயர்த்தவன், செங்கல் அடுக்கியவன், கணக்கு எழுதியவன் யாருக்கும் ஒரு சுரங்கம் தட்டுப்படவில்லை. குழாய், கேபிள், சாக்கடை என்று எங்கள் தெருவை மட்டும் மூன்று தடவை தோண்டினார்கள். பழைய குழாய்தான் உடைந்தது.

ஜனவரி 18, பிற்பகல் 3.15

பொங்கலுக்கு இங்கே ஒரு ஈ காக்கா இல்லை. எல்லோரும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மாட்டுக்குப் பின்னால் போய்விட்டீர்கள். கூடல்நகர் தம்பியின் நண்பர்களும் பாலமேட்டில் கேலரியில் உட்கார்ந்து தொண்டை கட்டியதுதான் மிச்சமாம், சுரங்கத்தை மறந்தே போனார்களாம்.

நான் சொல்ல வந்தது வேறு. அவமானமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கனுவன்று அக்காவுக்கு போன் போட்டபோது அந்தக் கம்பிக் கதவுக் கதையைச் சொன்னேன். அக்காவுக்கு எழுபத்தாறு வயது, ஞாபகம் கத்தி மாதிரி. சிரித்துவிட்டாள். "கோர்ட்டுக்கு உன்னைக் கூட்டிப்போனது நிஜம். படி இருந்தது அங்கே இல்லடா. தீபாவளிக்குத் துணி எடுக்கப் பத்துத்தூண் சந்துக்குப் போனோமே, அந்த ஜவுளிக்கடைக்காரரின் குடோன் அது. நீ உள்ளே ஓடிவிடுவாய் என்று அப்பா பயமுறுத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்."

ஆக, வௌவால் மகாலில், படி பத்துத்தூணில். இரண்டையும் சேர்த்துத் தைத்து அறுபது வருடமாக உடுத்திக்கொண்டிருக்கிறேன். பத்துத்தூணும் பழைய அரண்மனையின் மிச்சம்தானே, அங்கேயும் சுரங்கம் இருக்கலாமே என்று யாராவது ஆரம்பித்தால் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்.

ஜனவரி 18, பிற்பகல் 3.40

ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜனவரி 20, இரவு 8.30

நிலவறைக் கதையை நான் ஏன் தொடவில்லை என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. திருமலை நாயக்கர் 1659இல் இறந்தது பற்றி மதுரையில் ஒரு பழைய பேச்சு உண்டு. பாதிரிமார்களிடம் அவர் அதிகம் இளகுகிறார் என்று பட்டர்கள் கோபப்பட்டு, கோயில் நிலவறையில் புதையல் இருக்கிறது என்று ஆசைகாட்டி இறக்கி, மேலே கல்லை வைத்து மூடிவிட்டார்கள் என்பது அந்தக் கதை. நடந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் மகாலில் ராஜா, கோயிலில் நிலவறை என்று இரண்டு முனையை ஊர் கையில் கொடுத்துவிட்டால் நடுவில் ஒரு சுரங்கம் தோண்ட ஊருக்கு எத்தனை நாள் ஆகும்? மண்வெட்டிகூட வேண்டாம்.

ஜனவரி 21, காலை 10.05

"கிருதுமால் நதி பாதி இடத்தில் மூடித்தான் ஓடுகிறது, அதில் ஒரு சுற்றுலா நடத்தலாமே" என்று ஒருவர். நகைச்சுவைக்குத்தான் எழுதியிருக்கிறார். பாகவதத்தில் மச்சாவதார மீன் கைக்குள் வந்து விழுந்த ஆறு என்று சொல்கிற கிருதமாலா இதுதான் என்பார்கள். இன்றைக்கு அதில் ஒரு மீன் விழுந்தால் அதுவே எழுந்து ஓடிவிடும்.

முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் மேன்ஹோலுக்குள் தினமும் இறங்கியவர்கள் உண்டு. கிணற்றில் தூர்வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கி, அணைகிறதா என்று பார்க்கும் பழக்கம் எங்கள் தாத்தா காலத்திலேயே உண்டு. சாக்கடையில் இறக்கிய ஆட்களுக்கு அந்த விளக்கைக்கூட யாரும் இறக்கவில்லை. சாக்கடையில் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டமே வந்தது. அப்புறமும் மூச்சுமுட்டிச் செத்த செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே போனவன் திரும்ப மாட்டான் என்பது நமக்குத்தான் பேய்க்கதை.

ஜனவரி 23, இரவு 9.20

சரி, கூடல்நகர் தம்பிக்கு உருப்படியாக ஒன்று. மதுரையில் சுரங்கம் இல்லை என்று நான் சொன்னதை இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஒன்று இருக்கிறது, ஊருக்கு அடியில் இல்லை, மேற்கே மலைக்குள் இருக்கிறது.

1895இல் திறந்த பெரியாறு அணை. மேற்கே போய்க் கடலில் விழுகிற தண்ணீரை பென்னிகுவிக் தடுத்து, தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். குடைந்த நீளம் ஒரு மைலைத் தாண்டும். அங்கிருந்து லோயர் கேம்ப், வைரவனாறு, சுருளியாறு, வைகை, 1959இல் கட்டிய வைகை அணை, அப்புறம் மேலூர் வயல் வரைக்கும். இப்போது லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் போட்டு மதுரைக்கே குடிதண்ணீர் கொண்டுவருகிறார்கள். கம்பம் பக்கம் பென்னிகுவிக் படம் மாட்டாத டீக்கடை அபூர்வம். வேறொரு ஊரில் அது இருந்தால் வாசலில் டிக்கெட் கிழித்திருப்பார்கள். நமக்கு அது வாய்க்கால்.

கீழடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மண்ணுக்கடியில் கிடைத்ததில் என்னை நிறுத்தி வைத்தது உறைகிணறுதான். வட்டமான சுடுமண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. ராஜாவும் ராணியும் ஓடிய பாதையைத் தேடிப் போகிற ஆட்கள் அதன் முன்னால் ஒரு செல்பி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நகர்ந்தேன்.

ஜனவரி 28, இரவு 7.50

தெப்பத் திருவிழாக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து இன்றைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வண்டியூர் தெப்பக்குளம் போனேன். 1645இல் வெட்டியது, 305 மீட்டருக்கு 290 மீட்டர். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம், முக்குறுணி விநாயகர் கிடைத்த பள்ளம் என்பார்கள். நான் வாலிபனாக இருந்தபோது வறண்டு கிடந்து, நடுவில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். இப்போது தண்ணீர் நிற்கிறது.

வைகையிலிருந்து இதற்கு நிலத்தடிக் கால்வாய் வெட்டித்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சில வருடங்களுக்கு முன்னால் பனையூர் கால்வாய் வழியைச் சரிசெய்த பிறகுதான் மறுபடி குளம் நிறைந்தது. திருமலை நாயக்கர் கட்டிய, பூமிக்கடியில் போகிற, இன்றைக்கும் வேலை செய்கிற ஒரு பாதை. மூன்று வாரமாக நாம் தேடியது இதுவாகவும் இருக்கலாம், ராஜா போகவில்லை, தண்ணீர் போனது என்று பேரனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் படியில் குனிந்து, "இது எதுவரைக்கும் போகும் தாத்தா?" என்றான்.

"வைகை வரைக்கும்" என்றேன்.

பக்கத்தில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலேயே சொன்னார்: "திருப்பரங்குன்றம் வரைக்கும் போகுது சார். வெள்ளைக்காரன் நாயை விட்டுப் பார்த்தான்."

இரண்டு பொட்டலம் வாங்கினேன்.